சால்வென்ட் அறைக்கு எந்த கேஸ் சென்சார்?

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஒரு சால்வென்ட் அறை, அதாவது அச்சு மையைக் கரைக்கும் திரவங்களை வைக்கும் இடம். ஜன்னல் சாத்தியிருக்கிறது. தரையில் ஒரு டம்ளர் டொலுயின், 170 மில்லி அளவுக்குக் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழுவதும் ஆவியாகித் தரையோடு ஓர் அடி உயரத்துக்குப் படிந்தால், அந்த அடுக்கு தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். அறை முழுவதுமே அந்த நிலைக்கு வர ஒன்றே முக்கால் லிட்டர் போதும். 200 லிட்டர் பேரலில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தக் கணக்கைச் சிவகாசிப் பக்கம் பவுச் அச்சடிக்கும் ஒரு கிராவூர் யூனிட்டின் முதலாளியிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் கையில் இரண்டு கொட்டேஷன்கள் இருந்தன. ஒன்று உள்ளூர் எலக்ட்ரீஷியன் கொடுத்தது, சில ஆயிரத்தில் முடிந்தது. மற்றொன்று சென்னையிலிருந்து வந்தது, லட்சத்தைத் தாண்டியிருந்தது. "ரெண்டும் கேஸ் சென்சார்னுதானே சார் போட்டிருக்கு?" என்றார். போட்டிருப்பது ஒன்றுதான் அண்ணாச்சி, உள்ளே இருப்பது ஒன்றல்ல என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன்.

அவருடைய அறையில் டொலுயின், எத்தில் அசிடேட், ஐபிஏ எனப்படும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் மூன்றும் இருந்தன. மூன்றுக்கும் பொதுவான குணம், ஆவி காற்றைவிடக் கனமானது. டொலுயின், எத்தில் அசிடேட் ஆவிகள் காற்றைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு கனம்; ஐபிஏ இரண்டு மடங்கு. மூன்றின் ஃபிளாஷ் பாயின்ட்டும் (பற்றும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலை) நம் ஊர் அறை வெப்பத்துக்குக் கீழே: எத்தில் அசிடேட் மைனஸ் 4 டிகிரி, டொலுயின் 4 டிகிரி, ஐபிஏ 12 டிகிரி. மார்கழிக் குளிரில்கூட இவை பற்றத் தயாராகவே இருக்கின்றன.

காற்றில் எவ்வளவு ஆவி கலந்தால் தீப்பிடிக்கத் தொடங்குமோ அந்த அளவை எல்இஎல் என்பார்கள். டொலுயினுக்கு அது 1.1 சதவீதம், மற்ற இரண்டுக்கும் 2 சதவீதத்தை ஒட்டி. சென்சார்கள் காட்டும் '20' என்ற எண் காற்றில் 20 சதவீதம் ஆவி என்று பொருள்படாது. எல்இஎல்லில் 20 சதவீதம் என்று பொருள். இந்த ஒரு குழப்பத்தாலேயே அலாரம் அடிக்கும்போது "இருபதுதானே, இன்னும் எண்பது இருக்கே" என்று வேலையைத் தொடர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் மலிவான கொட்டேஷன். அதில் இருந்தது எம்கியூ-2 வகை. டின் ஆக்சைடு பூசிய சிறு குழாய்; உள்ளே ஹீட்டர். எரியக்கூடிய ஆவி பட்டால் அதன் மின்தடை குறையும். ஜப்பானில் நவோயோஷி தாகுச்சி 1962-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த யோசனைதான் அந்நாட்டு வீடுகளில் எல்பிஜி அலாரமாகப் பரவியது. பொருள் குறைபாடுள்ளது என்று நான் சொல்ல மாட்டேன். கல்லூரி மாணவர்கள் ஆர்டுயினோ என்ற மின்னணு போர்டோடு சேர்த்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல சென்சார் கிடையாது. நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வருடக்கணக்கில் ஓடுகிறது.

ஆனால் இதற்கு எல்லா ஆவியும் ஒன்றுதான். ஐபிஏ, டொலுயின், பக்கத்து வீட்டுத் தாளிப்புப் புகை எதுவானாலும் கத்தும். மழைக்கால ஈரப்பதத்தில் ஒரு அளவு காட்டும், சித்திரை வெயிலில் வேறு அளவு. தொடக்கத்தில் ஒரு நாள், இரண்டு நாள் சூடேற்றிய பிறகுதான் நிலைக்கு வரும். அடிக்கடி கரன்ட் போகும் இடத்தில் அது முழுசாக நிலைக்கு வந்ததா என்று யாரும் கவனிப்பதில்லை. காட்டும் எண்ணை எல்இஎல் அளவாக மாற்றுவதும் நம்பத்தகுந்த வேலை அல்ல.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் ஒரு விஷயத்தைப் பொறுக்க முடியாது. அந்த போர்டில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், இருக்கிறது. ரிலேயின் முனைகள் ஒட்டும்போதும் விலகும்போதும் பொறி வரும். ஆவி கூடுகிறது என்று கண்டுபிடித்த அதே நொடியில், அந்த ஆவிக்குள்ளேயே அது ஒரு பொறியைப் போடும். எலக்ட்ரீஷியன் அதை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்திருந்தார். டப்பா ஃபிளேம்புரூஃப் அல்ல, உள்ளே எழும் தீயை வெளியே விடாமல் தடுக்காது. நான் அவரைக் குறை சொல்லவில்லை, வீட்டு சமையலறைக்கு எப்படிச் செய்வாரோ அப்படிச் செய்திருக்கிறார். இந்த வகை சால்வென்ட் அறைக்குள் வரவே கூடாது. இது என் கணிப்பு அல்ல, கறாரான நிபந்தனை.

அடுத்து கேட்டலிடிக் பீட். தொழிற்சாலைகளில் 'பெல்லிஸ்டர்' என்றும் சொல்வார்கள். 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சுரங்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. நிலக்கரிச் சுரங்கத்தில் பதுங்கும் மீத்தேனைப் பிடிப்பதற்கு. அலுமினா மணிக்குள் மெல்லிய பிளாட்டினக் கம்பி, மேலே கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி, பூச்சு. சுமார் 500 டிகிரியில் சூடாக இருக்கும். ஆவி வந்து மணியின் மேல் எரியும், கம்பி இன்னும் சூடாகும், மின்தடை கூடும். அடக்கமான ஒரு குட்டித் தீயைக் கொண்டு பெரிய தீயை முன்கூட்டியே அறிவது. அந்தக் குட்டித் தீ வெளியே பரவாமல் இருக்க, முன்னால் உலோகத் துகள்களை அழுத்திச் செய்த மூடி இருக்கிறது. அதனால்தான் ஃபிளேம்புரூஃப் சான்றிதழோடு இது கிடைக்கிறது.

இதன் பெரிய பலம், எரியும் பொருள் எதுவாயினும் காட்டும் என்பதே. மூன்று சால்வென்ட் கலந்த ஆவி வந்தாலும் ஓர் உத்தேச எண்ணாவது தரும். விலையும் நடுத்தரம்.

பலவீனம் எங்கே என்றால், இது சத்தமில்லாமல் செத்துப்போகும். சிலிகோன் ஆவி அந்த மணியின் மேல் படிந்தால் கேட்டலிஸ்ட் மூடிக்கொள்ளும். எவ்வளவு டொலுயின் வந்தாலும் திரையில் பூஜ்யம்தான். கந்தகச் சேர்மங்கள், ஈயம் இரண்டும் இப்படித்தான் செய்யும். அச்சகத்தில் சிலிகோன் எங்கே என்று கேட்டால், முதலாளியின் ஸ்டோர் ரூம் அலமாரியிலேயே இரண்டு ஸ்பிரே டப்பா இருந்தது. உருளையில் ஒட்டாமலிருக்க அடிப்பது. பக்கத்தில் கேபிள் துளையை அடைக்கும் சிலிகோன் டியூப் ஒன்று. சில மை, வார்னிஷ் கலவைகளிலும் சிலிகோன் சேர்ப்புப் பொருட்கள் உண்டு.

இரண்டாவது பலவீனம், எதை வைத்து அளவு பிடித்தார்கள் என்பது. பெரும்பாலான மீட்டர்கள் மீத்தேனை வைத்து அளவு பிடிக்கப்படுகின்றன. டொலுயின் போன்ற கனமான ஆவி மூடிக்குள் மெதுவாகத்தான் நுழையும். ஒரே எல்இஎல் அளவில் மீத்தேனைவிடக் குறைந்த சைகைதான் கிடைக்கும். மீத்தேன் அளவுகோலில் 20 என்று காட்டும்போது டொலுயின் உண்மையில் 40-க்கு மேலேயே இருக்கலாம். வாங்கும் முன் "டொலுயினுக்கு உங்கள் திருத்தக் காரணி எவ்வளவு?" என்று, அதாவது காட்டும் எண்ணை எதனால் பெருக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. அதே சமயம் மாதாந்திரச் சோதனைக்கு மீத்தேன் நல்லது. கேட்டலிஸ்ட் நஞ்சாகும்போது முதலில் போவது மீத்தேனை உணரும் திறன்தான். அதைப் பிடித்துவிட்டால் மற்றவை போவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சோதனை என்றதும் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சிகரெட் லைட்டரை அழுத்தி கேஸை சென்சார் மூக்கில் ஊதிப் பார்ப்பது. அலாரம் அடித்தால் "வேலை செய்யுது" என்று திருப்தி. அந்த பியூட்டேன் அளவு எல்இஎல்லைத் தாண்டிப் பலமடங்கு. மணி மிதமிஞ்சி எரிந்து கெடும். தவிர, பாதி செத்துப்போன சென்சாரும் அவ்வளவு கேஸுக்குக் கத்தும். சோதனை என்றால் அளவு அச்சிட்ட சிறு சிலிண்டரும் ரெகுலேட்டரும் வேண்டும். வேறு வழி இல்லை.

சென்னை கொட்டேஷனில் இருந்தது மூன்றாவது வகை, இன்ஃப்ராரெட். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு 3.3 - 3.4 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை உறிஞ்சும். அந்தக் கதிர் எவ்வளவு குறைந்தது என்பதைப் பார்த்தாலே ஆவியின் அளவு தெரியும். சிலிகோன் இதை ஒன்றும் செய்யாது. ஆக்ஸிஜனும் தேவையில்லை. ஆவி மிக அடர்ந்தால் பெல்லிஸ்டருக்கு எரிக்கக் காற்று போதாமல் எண் இறங்கிக் காட்டும் அபாயம் உண்டு. இதற்கு அது இல்லை. விளக்கு அணைந்தாலோ கண்ணாடி அழுக்கானாலோ தானே 'பிழை' என்று அறிவிக்கும். பெல்லிஸ்டர் தன் மரணத்தைச் சொல்லாது, இது சொல்லும். நான் காசு கொடுப்பதாக இருந்தால் இந்த ஒரு குணத்துக்காகத்தான் கொடுப்பேன்.

ஆனால் டொலுயின் இங்கேயும் சிக்கல் செய்கிறது. பென்சீன் வளையம் உள்ள பொருட்கள் 3.4 மைக்ரோமீட்டரில் புரொபேன் அளவுக்கு உறிஞ்சுவதில்லை. புரொபேனுக்கு அளவு பிடித்த கருவி டொலுயினைக் குறைவாகவே காட்டும். கருவிக்குக் கருவி இது வேறுபடும். ஹைட்ரஜனையோ இது பார்க்கவே செய்யாது. ஹைட்ரஜன் வெளிவரும் பாட்டரி சார்ஜ் அறைக்கு இதை வாங்கியவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆகவே இன்ஃப்ராரெட் வாங்கினாலும், தொழிற்சாலையிலேயே டொலுயினுக்கு அளவு பிடித்து எழுத்தில் கொடுத்தால்தான் அந்த விலைக்குப் பொருள் உண்டு.

பிஐடி என்ற நான்காவது வகையைப் பற்றிச் சுருக்கமாக. புற ஊதா விளக்கால் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிட்டு அந்த மின்னோட்டத்தை அளப்பது. வழக்கமான 10.6 எலக்ட்ரான்வோல்ட் விளக்கு டொலுயினை அருமையாகப் பார்க்கும். மீத்தேன், புரொபேன் இரண்டும் தெரியாது. மில்லியனில் சில பங்கு அளவிலேயே காட்டும். எந்த வால்வு கசிகிறது, எந்த மூடி சரியாக இறுகவில்லை என்று கையில் பிடித்துத் தேட இதை மிஞ்ச ஒன்றில்லை. சுவரில் நிரந்தரமாக மாட்ட ஏற்றதல்ல. ஈரமும் அழுக்கும் விளக்கைக் கெடுக்கும். வாடகைக்குக் கிடைத்தால் ஆண்டுக்கு இரு முறை எடுத்து ஒரு சுற்று வாருங்கள்.

பிஐடியைக் கொண்டுவந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தீ அலாரத்தை உடல்நல அலாரமாக நினைக்கக் கூடாது. டொலுயினின் எல்இஎல்லில் 10 சதவீதம் என்றால் 1,100 பிபிஎம், அதாவது மில்லியனில் 1,100 பங்கு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் 'உயிருக்கு உடனடி ஆபத்து' என்று வகுத்த அளவு 500 பிபிஎம். நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை வகுத்த எட்டு மணி நேரச் சராசரி 100 பிபிஎம். ஆக, எல்இஎல் மீட்டர் முதல் விளக்கை எரிப்பதற்கு முன்பே அங்கே நிற்பவருக்குத் தலை சுற்றத் தொடங்கியிருக்கும். "வாடை பழகிடுச்சு சார்" என்று யாராவது சொன்னால் அது நல்ல சேதி அல்ல, மூக்கு மரத்துப்போயிருக்கிறது.

எந்த வகை என்பதற்குச் சமமாக எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். ஓர் அச்சகத்தில் நல்ல கேட்டலிடிக் சென்சாரை டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் கூரையில் மாட்டியிருந்தார்கள். புகை அலாரத்தைப் பார்த்துப் பழகிய கை. டொலுயின் ஆவி அந்த உயரத்துக்கு வந்துசேரும்போது தரையில் எல்லாம் முடிந்திருக்கும். தரையிலிருந்து ஓர் அடிக்குள், பேரலிலிருந்து ஊற்றும் இடத்துக்கு அருகில் ஒன்று, கதவுக்கும் வடிகாலுக்கும் இடையே தாழ்வான மூலையில் இன்னொன்று. ஒரே ஒன்றை வாங்கி அறை நடுவில் மாட்டுவதைவிட, சற்று மலிவான இரண்டை இரண்டு இடத்தில் மாட்டுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

அலாரம் அடித்தபின் என்ன என்பதையும் முன்கூட்டியே கம்பியிழுத்து வைக்க வேண்டும். 20-இல் தரைமட்ட எக்ஸாஸ்ட் தானே ஓட வேண்டும். 40-இல் அறைக்கு வரும் மின்சாரம் வெளியிலிருந்து துண்டிக்கப்பட வேண்டும். ஃபேன் மோட்டாரும் ஃபிளேம்புரூஃபாக இல்லையென்றால் அந்த ஃபேனே பொறி. கட்டுப்பாட்டுப் பெட்டியும் ரிலேயும் அறைக்கு வெளியே.

ஆவி மேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெய்ப்பூர் அருகே சீதாபுராவில் 2009 அக்டோபர் 29-இல் நடந்தது சாட்சி. எண்ணெய்க் கிடங்கில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் பெட்ரோல் பீறிட்டது. ஆவி மேகம் வளாகம் முழுதும் படர்ந்தபிறகு பற்றியது. 11 பேர் இறந்தார்கள். பின்னர் எம்.பி.லால் தலைமையிலான குழு கிடங்குகளில் ஹைட்ரோகார்பன் டிடெக்டர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நான்கு ஆண்டு முன்பு, 2005 டிசம்பர் 11-இல், இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் அளவுமானி சிக்கி, தடுப்பு சுவிட்ச்சும் வேலை செய்யாமல் தொட்டி வழிந்தது. அங்கேயும் இதே மேகம்தான். அளவில் இவை எல்லாம் மலை, நம் அறை மடு. ஆனால் வழிவது, படர்வது, பற்றுவது என்ற வரிசை ஒன்றே.

கொட்டேஷன் இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு அவருக்கு வேறொன்று காட்டினேன். 30 டிகிரியில் மூடிய டொலுயின் பேரலின் மேற்பகுதிக் காற்றில் ஏறத்தாழ 5 சதவீதம் ஆவி இருக்கும். பற்றும் எல்லை 1.1 முதல் 7 வரை. பெட்ரோல் டாங்கின் உள்ளே ஆவி அதன் மேல் எல்லையான 7.6 சதவீதத்தைத் தாண்டிக் கெட்டியாக இருப்பதால் உள்ளே பற்றுவது கடினம். டொலுயின் பேரலின் உள்ளே பெரும்பாலும் பற்றும் நிலைதான். சேர்த்துப் பாருங்கள்: டொலுயின் மின்னைக் கடத்தாது, ஊற்ற ஊற்ற நிலைமின்சாரம் சேரும். பிளாஸ்டிக் வாளியில் பிளாஸ்டிக் புனல் வைத்து ஊற்றினால் பொறி புறப்படுவது உள்ளேயிருந்து. சுவரில் மாட்டிய எந்த சென்சாரும் அதைப் பார்க்காது.

எனவே பேரலுக்கும் வாளிக்கும் எர்த் கிளிப், உலோக வாளி, தரைமட்ட எக்ஸாஸ்ட். இவை முதலில். சென்சார் அதற்குப் பின்புதான். லட்ச ரூபாய் இன்ஃப்ராரெட் மாட்டிவிட்டு பிளாஸ்டிக் வாளியில் டொலுயின் பிடிப்பதைவிட, எர்த் கிளிப் இருந்து சென்சாரே இல்லாத அறையே மேல். ஃபிளாஷ் பாயின்ட் 23 டிகிரிக்குக் கீழே உள்ள பெட்ரோலிய வகை திரவங்களை 30 லிட்டருக்கு மேல் வைக்க உரிமம் தேவை என்பதையும், அதற்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் விதிகள் பொருந்தும் என்பதையும் அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார்.

சென்சார் முடிவுக்கு வந்தோம். அவரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: மாதம் ஒருமுறை சிலிண்டரை எடுத்து இரண்டு சென்சாரிலும் கேஸ் காட்டி, நோட்டில் தேதியோடு எழுத ஆள் உண்டா? உண்டு என்றால் கேட்டலிடிக் இரண்டு. டொலுயினுக்குத் திருத்தக் காரணி போட்டு அலாரத்தைத் தாழ்த்தி வைத்து, சிலிகோன் ஸ்பிரேயை அந்தக் கட்டடத்திலிருந்தே வெளியேற்ற வேண்டும். ஆள் இல்லை என்றால், டொலுயினுக்கு அளவு பிடித்த இன்ஃப்ராரெட். காசு கூடினாலும் அது தன் நோயைத் தானே சொல்லும்.

அவர் சிறிது யோசித்தார். "என் மச்சினன் எழுதுவான் சார், ஆனா ரெண்டு மாசத்துல மறந்துடுவான்," என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது. ஊற்றும் இடத்துக்கு இன்ஃப்ராரெட் ஒன்று. மூலைக்குக் கேட்டலிடிக் ஒன்று, அதை மச்சினன் மறந்தாலும் முதலாவது நிற்கும்.

கிளம்பும்போது பின்புற ஜெனரேட்டர் அறையைக் காட்டி அதற்கும் இதே மாதிரி ஒன்று போடலாமா என்று கேட்டார். டீசலுக்கு இந்த நான்கில் எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. டீசல் ஆவி அவ்வளவு எளிதில் எழும்பாது. சென்சாருக்குத் தெரியும் அளவு வருவதற்குள் லிட்டர் கணக்கில் தரையில் ஓடியிருக்கும். இந்திய தரக் குறியீட்டில் டீசலின் ஃபிளாஷ் பாயின்ட் குறைந்தபட்சம் 35 டிகிரி. சித்திரை, வைகாசியில் ஜெனரேட்டர் அறை அதைத் தாண்டிவிடும் என்பதால் "டீசல்தானே" என்று அலட்சியம் கூடாது. அங்கே காற்றைப் பார்ப்பதைவிடத் தரையைப் பார்ப்பது நல்லது: டீசல் தொட்டியின் கீழே கசிவைத் தேக்கும் ஒரு தட்டு, அதில் ஒரு மிதவை சுவிட்ச். எண்ணெய் பட்டால் உணரும் கேபிளும் கிடைக்கிறது. அவர் அலமாரியிலிருந்த சிலிகோன் ஸ்பிரே இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.